ஹபீபுல்லாவுக்கு மேலே ஒரு வெற்று வரி

அன்புத் தம்பி பெஞ்சமினுக்கு,

குற்றாலத்திலிருந்து அக்கா சுகிர்தம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அத்தானும் சுகம். சாரலும் சுகமாக விழுகிறது. போனில் கூப்பிட்டால் "மீட்டிங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம்.

போன தடவை நீ வந்தபோது, டிராவல் கம்பெனியிலிருந்து நம் லாட்ஜுக்கு வரும் புக்கிங் செய்தி மூச்சுவிட இடமில்லாமல் ஒரே வரியாகக் கிடப்பதைக் காட்டி, "இத மனுஷி வாசிக்க முடியுமாலே?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்புற எக்ஸ்எம்எல் அப்படித்தாங்க்கா வரும்" என்றாய். ஆனாலும் அந்தச் செய்தியை வாங்கி நம் கம்ப்யூட்டருக்கு அனுப்ப நீ எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்டைத் திருத்தி, ஒவ்வொரு விவரத்தையும் தனி வரியில், உள்ளே தள்ளித் தள்ளி அடுக்கிக் கொடுத்தாய். வாசிக்க அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காயல்பட்டினத்திலிருந்து ஹபீபுல்லா என்று ஒரு புது மாப்பிள்ளை, மனைவி, மாமனார், மாமியாரோடு நனைந்துகொண்டே வந்து இறங்கினார். வரவேற்பில் இருக்கும் முத்துசெல்வி தேடிப் பார்த்துவிட்டு, "உங்க பேருல ஒண்ணும் இல்லையே சார்" என்கிறாள். மாமனார் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். விஷயம் என்னவென்றால், திரையில் பெயர்க் கட்டம் முதல் வரியை மட்டும்தான் காட்டுமாம். உன் அடுக்கில் முதல் வரி வெற்றாக விழுந்து, பெயர் அடுத்த வரிக்குப் போய்விட்டதால் கட்டம் காலி. யாரோ தெரியாமல் அழுத்திய பதிவு என்று நினைத்து இவள் இரண்டு அறையையும் காலையிலேயே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டாள். சீசனில் வேறெங்கே இடம் கிடைக்கும்? அத்தானை லாட்ஜ் ஆபீஸ் பெஞ்சில் படுக்க அனுப்பிவிட்டு எங்கள் மாடி வீட்டையே திறந்துவிட்டேன்.

அதற்குள் முத்துசெல்வி எதையோ அழுத்திக் கண்டுபிடித்துவிட்டாள். "பேரு இருக்கு மேடம். ஒரு வரி கீழ ஒதுங்கி நிக்குது."

மாமனார் கண்ணாடி போட்டுக் குனிந்து வாசித்தார். "மாப்பிள்ளை ஒழுங்காத்தான் போட்டிருக்காரு" என்று சொல்லி, தலை துவட்டத் தன் துண்டை மருமகனிடம் நீட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லைலே. எனக்காகத்தானே அடுக்கினாய். நாம் சும்மா விட்ட இடத்தையும் அந்த எந்திரம் ஒரு எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. நானும் அப்படித்தான், நீ பேசாத நாளையெல்லாம் ஏதோ சேதி என்று வாசித்து மனசு சங்கடப்பட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டருக்குப் போவது பழையபடி ஒரே வரியாகப் போகட்டும். அடுக்கியதில் எனக்கொரு பிரதி போதும். உடனே புறப்பட்டு வந்து சரிசெய்.

கர்த்தர் உன்னையும் உன் மனைவி ஷாரோனையும் வேலைக்கு நடுவே சாப்பிடவைத்துக் காப்பாராக.

அக்கா சுகிர்தம்

பின்குறிப்பு: தென்காசியில் இருக்கும் உன் கம்ப்யூட்டர் கூட்டாளி நேற்றே வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டானாம், முத்துசெல்வி இப்பத்தான் சொல்லுதா. உன் மேனேஜரிடம் மட்டும் கோளாறு பெரிசு, நேரில் போனால்தான் தீரும் என்று சொல்லிவிட்டு வா.