மூன்றாவது ஈட்டிக்காரர்

மகாராஜன் அண்ணாச்சியின் மானம் நூற்று இருபது ரூபாய் என்று தியேட்டர் வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். பால்கனியில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பதானால் நூற்றைம்பது.

நாற்பது வருஷமாகக் கண்ணில் படாமல் கிடந்த ‘மகரத்தீவு மாவீரன்’ திரும்பி வந்துவிட்டது. பறக்கும் குதிரை, பேசும் வாள், மூன்று தலைக் கடல்பூதம் எல்லாவற்றையும் தூசி தட்டிப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. பிறகு தயாரிப்பாளரின் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டதில் படப்பெட்டி முடங்கியது, டி.வி.யில்கூட வரவில்லை. அந்த வழக்கு நல்லபடியாக இழுக்க வேண்டும் என்று திருச்செந்தூரில் வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் மகாராஜன்தான்.

எல்லாம் கல்யாணத்தால் வந்த வினை. அவர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பெண் பார்க்கப் போன சமயம், போட்டிக்கு ஓர் அரசாங்க குமாஸ்தா இருந்தார். மாதச் சம்பளம், பின்னால் பென்ஷன். மகாராஜனிடம் இருந்ததோ கயிறும் தார்ப்பாயும் விற்கும் ஒரு கடை. அதிலும் பாதி அண்ணனுடையது. சரக்கு சுமாராக இருந்தால் மேலே நல்லதாக நாலு வைத்துக் காட்டுவது வியாபாரி புத்தி.

“மகரத்தீவு மாவீரனை நம்ம மணப்பாட்டுலதான எடுத்தாவ? அதுல நான் சிப்பாயா நின்னிருக்கேன்” என்று போகிற போக்கில் சொல்லிவைத்தார்.

உள்ளே இருந்த கல்யாணப்பெண் செண்பகம் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவள். குமாஸ்தா அன்றைக்கே பென்ஷனோடு வெளியேறினார்.

மகாராஜன் மணப்பாட்டுக்குப் போனது நிஜம். ஆள் எடுக்கும் வரிசையில் நின்றதும் நிஜம். தலைக்கவசத்தை மாட்டிப் பார்த்தார்கள். அது மூக்கு வரை இறங்கியது. “அடுத்த ஆளு வா” என்றார்கள். அவருடைய சினிமா வாழ்க்கை அத்தோடு சரி.

“என்னங்க, ஞாயித்துக்கெழம மேட்னிக்குப் போறோம்” என்றாள் செண்பகம். “மூணு தடவ பாத்து என்ன பிரயோசனம்? எந்தச் சிப்பாயப் பாக்கணும்னு அப்போ யாரு கண்டா?”

“கூட்டத்துல ஒருத்தனா நின்னேன்ளா. தெரிய மாட்டேன்.”

“எனக்கா தெரியாது? முதுகக் காட்டிட்டு நின்னாலும் கண்டுபிடிச்சிருவேன்.”

முதுகும் இல்லையே என்பதுதான் சங்கடம்.

மறுநாள் காலையில் மகாராஜன் தியேட்டருக்குப் போனார். கவுன்டரில் டிக்கெட் கொடுப்பதும் வாசலில் நின்று அதைக் கிழிப்பதும் பிளாரன்ஸ் ஒருத்திதான்.

“ஏம்மா, ஞாயித்துக்கெழம மேட்னிக்கு எத்தன டிக்கெட் இருக்கு?”

“எல்லாமே இருக்கு அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமையோட படத்தத் தூக்குதோம். ஒங்களுக்கு எத்தன?”

“எல்லாமே.”

பிளாரன்ஸ் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரூபாயை எண்ணத் தொடங்கினாள்.

மகாராஜனுக்கு நிம்மதி. சரக்கு மொத்தத்தையும் வாங்கிப் பூட்டிவிட்டால் சந்தையில் சரக்கு இல்லை. வீட்டுக்குப் போய் ‘ஹவுஸ்புல்’ என்று சொன்னால் அது பொய்கூட ஆகாது.

ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை அவர் மறந்துவிட்டார். தூத்துக்குடியில் ஒரு வியாபாரி ஒன்றை மொத்தமாகத் தூக்கினால் அடுத்தவனுக்குத் தூக்கம் வராது. சாயங்காலமே பக்கத்துக் கடை பலசரக்கு செந்தில்வேல் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, உள்விவரம் என்ன? வெல ஏறப் போவுதோ?”

“சினிமா டிக்கெட்டுய்யா அது!”

“அதான் கேக்கேன். லாபம் இல்லாம நீங்க தீப்பெட்டிகூட வாங்க மாட்டியளே.”

மகாராஜன் கயிறு அளக்கத் திரும்பிக்கொண்டதே பெரிய விவரம் என்று எடுத்துக்கொண்டு, செந்தில்வேல் சனிக்கிழமைக் காட்சிகளைப் பாதிக்குப் பாதி வாங்கினார். அதைக் கேள்விப்பட்ட உப்புத் தரகர் மீதியை வாங்கினார். அதைக் கேள்விப்பட்ட கருவாட்டு வியாபாரிகள் டிக்கெட் கிடைக்காமல் கொந்தளித்தார்கள். தூக்குவதாக இருந்த படத்தைத் தியேட்டர்காரர்கள் இன்னும் ஒரு வாரம் நீட்டித்து, காலைக் காட்சியும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பருப்பு வாங்க வந்த செண்பகம் பழைய சிப்பாய்க் கதையைச் சொன்ன பிறகுதான் செந்தில்வேலுக்கு மூளையில் வெளிச்சம் வந்தது. கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“இப்பல்லா புரியுது! அண்ணாச்சி நடிச்ச படம்! நமக்கெல்லாம் ஓசியில காட்டத்தான் தியேட்டரையே வாங்கியிருக்காவ!”

கொஞ்ச நேரத்தில் தெரு முழுவதும் மகாராஜன் வீட்டு வாசலில் நின்றது. அவர் பூட்டிவைத்திருந்த டிக்கெட்டுகளைச் செண்பகம் சாக்லேட் மாதிரி அள்ளி அள்ளிக் கொடுத்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்குப் போன் போட்டு வேன் பிடித்து வரச் சொன்னாள். கூட்டம் போனதும் கண் கலங்கி நின்றாள்.

“எனக்குன்னு ஒரு பூ வாங்கவே நாலு கடை ஏறி எறங்குவிய. எனக்காகத் தியேட்டரையே வாங்கிட்டியளா?”

இதற்கு மேலும் ஓர் ஆண்பிள்ளை உண்மையைச் சொல்ல முடியுமா? மகாராஜன் கடைசியாக ஒன்றை முயன்றார்.

“நான் வாற எடத்த அப்பவே வெட்டிட்டாவ. படம் நீளம்னு.”

செண்பகம் போஸ்டரைப் போனில் படம் பிடித்துவைத்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்: “‘அன்று வெட்டப்பட்ட போர்க்களக் காட்சிகள் முழுமையாக!’ பாத்தியளா? உங்களுக்குன்னே சேத்திருக்கான்.”

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் ஸ்ரீவைகுண்டம் முன்வரிசை, தெரு பின்வரிசை. பறக்கும் குதிரை வந்தபோது விசில். அதன் வயிற்றைக் கட்டியிருந்த கயிறு இப்போது பளிச்சென்று தெரிந்தது. மூன்றாம் தரக் கயிறு என்று மகாராஜனின் தொழில் மனம் குறித்துக்கொண்டது. போர்க்களம் வந்தது. மணப்பாட்டு மணல்மேட்டில் சிப்பாய்கள் ஈட்டியோடு வரிசையாக நின்றார்கள்.

செண்பகம் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். “எங்க? எங்க நிக்கிய?”

எல்லா முகமும் கவசத்துக்குள். அதில் ஒருவனுக்கு மட்டும் கவசம் மூக்கு வரை இறங்கியிருந்தது. தன்னை விட்டுவிட்டு அவனை எப்படி எடுத்தார்கள் என்று மகாராஜனுக்குக் கோபமே வந்தது. அந்தக் கோபத்தில் குரலும் வந்தது.

“அந்தா! எடது பக்கம், மூணாவது ஈட்டி!”

தியேட்டர் கூரை பிய்ந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் திரையில் கடல்பூதம் எழுந்தது. ஒரு தலையை நீட்டியது. மூன்றாவது ஈட்டிக்காரனை லபக்கென்று விழுங்கியது.

“ஐயோ, உங்கள முழுங்கிட்டுதே!” என்று செண்பகம் அலறினாள். ஸ்ரீவைகுண்டத்து வரிசையில் ஒரு சித்தி மூக்கைச் சிந்தினாள். பூதத்தின் வயிற்றுக்குள் போன மகாராஜன், நாற்பது வருஷத்தில் முதல்முறையாக நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தார்.

படம் முடிந்தது. செந்தில்வேல் அவரைத் தோளில் தூக்காத குறை. செண்பகம் வாசலில் பிளாரன்ஸைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்க வீட்டுக்காரவியளப் பாத்தியா? எடது பக்கம் மூணாவது ஈட்டி. பூதம் மொதல்ல முழுங்கினதே இவியளத்தான்!”

பிளாரன்ஸ் மகாராஜனை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கணக்குத்தான் இருந்தது.

“மூணாவது ஈட்டிய நேத்தே ஆத்தூரு வெத்தலக்கார அண்ணாச்சி ஒருத்தவிய எடுத்துட்டுப் போயிட்டாவளே அக்கா. படத்துல சிப்பாயி மொத்தம் இருவத்தெட்டு, ‘அது நான்தான்’னு இதுவர வந்து சொன்னவிய இவியளோட சேத்து முப்பத்தேழு, இன்னும் ஒம்பது சிப்பாயி கொறையுது.”