ஆகாயத்தில் கேட்ட தனிக்குடித்தனம்

புதிதாகக் கல்யாணமானவன் மனைவிக்கு முன்னால் திறமையைக் காட்டக் கிளம்பினால், யாராவது அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும். என்னை இழுக்க ஆளில்லை. நான் அப்போது ஆகாயத்தில் இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். தருமபுரியில் அப்பாவுக்குப் புளி மண்டி. நான் மண்டிப் பக்கம் தலைவைக்காமல் பெங்களூரில் ஒரு கிளப்பில் விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கியிருந்தேன். (புளி விற்பவனுக்கு விமான லைசென்ஸ் எதற்கு என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.) மனைவி மாதம்மாளை இரண்டு சீட் விமானத்தில் ஏற்றிக்கொண்டு, காரிமங்கலத்திலிருந்த அவள் பிறந்த வீட்டை மேலிருந்து காட்டப் புறப்பட்டேன்.

வீட்டுக்கு மேலே தாழ்வாக ஒரு வட்டம் அடித்தோம். மாமனார் துண்டை வீசினார். பிறகு முழு வேகத்தில் மேலே ஏறத் தொடங்கினேன். அங்கேதான் எனக்கு வாத்தியார் புத்தி வந்தது.

"இந்தச் செவப்புக் குமிழ் இருக்கே, இதான் பெட்ரோலையும் காத்தையும் கலக்கற அளவு!" என்று இன்ஜின் சத்தத்தை மீறிக் கத்தினேன். "மேல போகப் போகக் காத்து மெலிஞ்சிரும். அதுக்குத் தக்கனயா பெட்ரோலைக் கொறைக்கணும். இது எல்லாராலயும் ஆகாது!"

சொன்னது சரிதான். ஆனால் நல்ல உயரம் போன பிறகு செய்ய வேண்டிய வேலை அது. அதுவரை, முழு பலத்தோடு ஏறும்போது குமிழை உள்ளே தள்ளியே வைத்திருக்க வேண்டும். கூடுதலாகப் போகும் பெட்ரோல்தான் இன்ஜினைக் கொதிக்காமல் காப்பாற்றும். கற்றுக்கொடுத்தவர் தொண்டை வற்றச் சொல்லியிருந்தார். நான் குமிழை இழுத்தேன். இன்ஜின் இருமியது.

"என்னங்க, இருமுது?"

"அது அப்படித்தான். இன்னுங் கொஞ்சம் கொறைச்சா அடங்கிரும்."

அடங்கித்தான் போயிற்று. ஒரேயடியாக. சட்டென்று காற்று உரசும் சத்தம் மட்டும்.

மாதம்மாள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சுங்க. உங்க வூட்டுல அத்தன பேரு நடுவுல ஒரு வார்த்தை தனியாப் பேச முடியல. இப்பவே சொல்லிடறேன். நாம தனியா ஒரு வூடு பாத்துப் போயிரலாமுங்க."

நான் விமானத்தின் மூக்கைத் தாழ்த்திவிட்டு, இறங்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். "சரி."

"உங்கம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"சரி, சரி."

"எங்கம்மா அப்பப்ப வந்து தங்குவாங்க."

கீழே, மாமனார் ஊரை ஒட்டி, வற்றிப்போன ஏரி ஒன்று தெரிந்தது. "சரி, சரி, சரி! கெட்டியாப் புடிச்சுக்க!"

ஏரி மண்ணில் தவளைபோலக் குதித்துக் குதித்து, ஒரு வேலமரத்துக்கு முன்னால் நின்றோம்.

"எறங்கலாமுங்களா? அந்தக் குமிழை ஏன் இன்னும் இழுத்துப் புடிச்சுட்டே இருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். வானத்திலிருந்து தரைவரை என் வலது கை அதை விடவேயில்லை. உள்ளே ஒரு தள்ளு தள்ளியிருந்தால், முன்னால் சுற்றிக்கொண்டிருந்த விசிறியே இன்ஜினை எழுப்பி விட்டிருக்கும்.

மாமனார் ஓடி வந்தார். பின்னால் பாதி ஊர். "சொல்லி அனுப்பியிருந்தா கோழி அடிச்சு வெச்சிருப்பமேங்க மாப்ள!"

"அப்பா, நாங்க தனிக்குடித்தனம் போறமுங்க. அவரே ஒத்துக்கிட்டாரு."

ஊரே கேட்ட பிறகு இல்லையென்று சொல்ல முடியுமா? ஜீப்பில் வந்த கிளப்காரர்கள் ஆறு மாதம் விமானத்தைத் தொடக் கூடாது என்றார்கள். அந்த ஆறு மாதமும் புது வீட்டுக்குத் தண்ணீர் இழுப்பதில் போயிற்று.

"அன்னிக்கு இன்ஜின் நின்னது ஆபத்துன்னு ஒனக்குத் தெரியலையா?" என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"தெரியாம என்னங்க? அப்பக் கேட்டாத்தான சரிம்பீங்க" என்றாள்.

இன்றும் அவள் என்னிடம் ஏதாவது கேட்குமுன் ரேடியோவை அணைப்பாள். உடனே உள்ளறையிலிருந்து பிள்ளைகள் கத்துவார்கள்: "அப்பா, இன்ஜின் நின்னு போச்சு! ஏரி எங்க இருக்குன்னு பாருங்க!"