வட்டைவிதானையாரின் பத்தியம்

பத்தியக்காரர் என்றோர் இனம் நம் கரையோரத்தில் செழித்து வளர்கிறது. இந்த இனத்தாருக்கு மருத்துவப் படிப்புக் கிடையாது. அதனால் சந்தேகமும் கிடையாது. உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோய் இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கதிரையில் உட்காரும்போது காரணம் தெரிந்துவிடும். தேநீர் வருவதற்குள், இனி நீங்கள் எதையெல்லாம் தின்னக் கூடாது என்ற பட்டியலும் தயாராகிவிடும். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனாலென்ன?

இந்த இனத்தின் நல்ல கொழுத்த மாதிரி, கல்முனைக் கச்சிமுகம்மது. முப்பது வருடம் வட்டைவிதானையாக இருந்து, யார் வயலுக்குத் தண்ணீர் திறப்பது, யார் மடையை அடைப்பது என்று தீர்ப்புச் சொன்னவர். பதவி போனதும் மனிதர்களின் வாய்களை அடைக்கத் தொடங்கினார்.

ஸுஹைறாவின் வாய் அடைபட்டது சுனாமி கழிந்த எட்டாம் மாதம். அவள் இரண்டு மொழி படித்தவள்; இரண்டிலும் அதிகம் பேசாதவள். நிவாரண அலுவலகமொன்றில் வெள்ளைக்காரர் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை. அன்று, வீடிழந்து அவளும் தாயும் தங்கியிருந்த தகரக் கொட்டிலில் நடந்த பேச்சு வரிசை பிசகாமல் அவளுக்கு நினைவிருக்கிறது.

"என்ன மகள், முழங்கையச் சொறியிறாய்?"

"கொப்புளம் மாமா. கடி தாங்க ஏலாம இரிக்கி."

"காட்டு பாப்பம்." சட்டைக் கையை அவள் தூக்குமுன்பே, "கரப்பன்!" என்றார்.

"டொக்டர் சிரங்கு எண்டு களிம்பு தந்தவர் மாமா."

"சுகமாச்சா?"

"இல்ல."

"அப்ப கரப்பன்தான். றால் திண்ணாத. கத்தரிக்கா திண்ணாத. கணவாய மணக்கவும் கூடாது. புது அரிசிச் சோறு நெருப்பு, தொடாத."

"அப்ப என்னத்தத்தான் திண்ற?"

"பாண் திண்ணு. ரஸ்க் திண்ணு. கோதும ரொட்டி திண்ணு. மாவுல ஒரு கெடுதியும் இல்ல மகள். கெடுதி இரிந்தா, கப்பல் கப்பலா நிவாரணத்துக்கு அனுப்புவானுகளா?"

"மெய்தான் காக்கா," என்று அண்ணன் முறை வைத்து ஆமோதித்தார் தாய் சபியா உம்மா. தீர்ப்பு உறுதியானது.

சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் விளையும் ஊரில், ஒரு பெண் சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி காலையில் பாண், பகலில் ரொட்டி, இரவில் ரஸ்க் என்று வாழ்ந்தாள். நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான காரியம்; வெறுங்கையோடு போவது மரியாதையில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்து கச்சிமுகம்மது கிறீம் கிறேக்கர் பெட்டியோடு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அவள் கட்டிலின் கீழே ஒரு சிறிய பிஸ்கட் கடையே உருவானது. கொப்புளங்களோ முழங்கையிலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து முதுகுக்கும் குடிபெயர்ந்தன.

பத்தியக்காரர் கலங்கினாரா?

"கள்ளமாச் சோறு திண்டிரிக்காய்!" என்றார்.

பார்த்தீர்களா? மருந்து பலித்தால் சொன்னவரின் கெட்டித்தனம். பலிக்காவிட்டால் தின்றவளின் கள்ளத்தனம்.

அலுவலகத்திலோ வெள்ளைக்காரர் ஒரு வாக்கியம் சொன்னால், அவள் பாதியை மொழிபெயர்த்து மீதி நேரம் சொறிந்தாள். கூட்டத்திலிருந்தவர்களுக்கும் கடிப்பது போலிருந்தது. கடைசியில், தோல் சுகமாகும் வரை கூட்டங்களுக்கு வர வேண்டாமென்று பணிவாகச் சொல்லி, கோப்பு அடுக்கும் மூலைக்கு அவளை அனுப்பினார்கள். அதிகம் பேசாத அந்தப் பெண் வாய் திறந்து பேசிய ஒரே இடம் அந்தக் கூட்டங்கள்தான். அதுவும் போயிற்று.

யுத்தக் காலம். கண்டிக்கோ கொழும்புக்கோ போவதென்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைக் கொட்டி, ஏன் போகிறாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொறியைக் காட்டப் போகிறேன் என்று ஒரு குமர்ப்பெண் எத்தனை துவக்குகளுக்கு முன்னால் சொல்வாள்? ஆகவே நான்கு வருடம் கச்சிமுகம்மதே எங்கள் தோல் நிபுணர்.

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, தாயும் மகளும் கண்டிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கிருந்த தோல் டொக்டர் விசித்திரமான மனிதர். நோய் இன்னதென்று சொல்லவில்லை, கேள்வி கேட்டார்!

"எப்போது தொடங்கியது?"

"சுனாமிக்குப் பிறகு."

"அதற்குப் பிறகு உங்கள் சாப்பாட்டில் என்ன மாறியது?"

நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஸுஹைறா ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள்: நிவாரண மா, பாண், ரஸ்க், கட்டிலின் கீழுள்ள கடை. டொக்டரின் பேனை நின்றது.

"இந்தச் சாப்பாட்டை எழுதிக் கொடுத்தது யார்?"

"தண்ணீர் பங்கிடுகிறவர்."

தோலில் ஒரு துணுக்கும் கொஞ்சம் இரத்தமும் எடுத்தார்கள். அடுத்த மாதம் முடிவு வந்தது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற பொருளை அவள் உடம்பு ஏற்கவில்லை. அந்தக் கோபம்தான் தோலில் கொப்புளமாக வெடிக்கிறது. பாண் கூடாது, ரொட்டி கூடாது, பிஸ்கட் அறவே கூடாது.

"சோறு தின்னலாமா?"

"நன்றாகத் தின்னுங்கள்."

"புது அரிசி?"

டொக்டருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

மாத்திரையும் சோறுமாக ஏழெட்டு மாதத்தில் தோல் தெளிந்தது. ஸுஹைறா மறுபடியும் கூட்டத்தில் நின்று, இரண்டு கைகளையும் மேசைமேல் சும்மா வைத்துக்கொண்டு, முழு வாக்கியங்களாகப் பேசினாள். கட்டிலடிக் கடையைப் பக்கத்து வீட்டு ஆடுகள் மூடின.

கச்சிமுகம்மது வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்துக்கு அந்த உறுப்பு இல்லை. இப்போது ஊர் முழுவதற்கும் கோதுமை மடையை அடைத்துவிட்டார். ஜெமீலுக்கு இருமலா? "பாண் திண்டிரிப்பாய்." றாஹிலா கிணற்றடியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாளா? "ரொட்டி திண்டிரிப்பாய்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவள் முழங்கையைச் சொறிந்தபோதே, வேப்பிலை அவித்துக் குளித்தால் போதுமே என்று உங்கள் வாய் ஊறவில்லையென்று சத்தியம் பண்ண முடியுமா? முடியாதென்றால், வருகிற வெள்ளிக்கிழமை யார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போகிறீர்களோ, அவர்களை அல்லாஹ்தான் காக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஸுஹைறா ஊரில் வேறு யாருக்கும் சொன்னதில்லை. தோல் தெளிந்த பிறகு ஒருநாள் கச்சிமுகம்மது அவளைப் பார்க்க வந்தார். முதல் தடவையாக வெறுங்கை. சபியா உம்மா தேநீர் எடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்து, கதிரையை முன்னால் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மகள், பொய் சொல்லச் சொல்லல்ல, அல்லாஹ் காக்கணும். கோதுமதான் கூடாது எண்டு நான் இப்ப சொல்றன். கேட்டயா? ஆரும் விசாரிச்சா, கச்சிமுகம்மது மாமா சொன்னவர் எண்டு மட்டும் சொல்லு. எப்ப சொன்னவர் எண்டதச் சொல்லாத."