திருச்சபைத் தந்தையரும் மூன்றாவது அட்டையும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

அகராதி அலுவலகத்தில் 'தி' வரிசையைக் கவனிக்கும் உங்கள் தங்கை புருஷன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலம் என்றே நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை.

நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. ஆனால் எங்கள் விதி உங்களுக்குத் தெரியாது. ஒரு சொல் அகராதியில் நிற்க வேண்டுமானால், அலுவலகத்துக்கு வெளியே மூன்று பேர் அதைத் தாமாகச் சொல்லி, அந்த வாக்கியத்தை அட்டையில் ஏற்றிக் கையெழுத்திட வேண்டும். தொழிலுக்காகச் சொல்கிற போதகர், பேராசிரியர் சேர்த்தியில்லை. "திருச்சபைத் தந்தையர்: கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் கோட்பாடுகளை எழுதிவைத்த இறையியலாளர்கள்" என்று பொருள் எழுதிவிட்டேன். சொல்லத்தான் ஆளில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு அட்டை வரலன்னா சொல்லத் தூக்கிடுவேன்" என்றார் பதிப்பாசிரியர். நான்கு மாத உழைப்பு, மச்சான்.

முடிவெட்டுகிறவரிடம் மூன்று முறை போய் இதையே பேசினேன். கடைசியில், "சார், உங்க திருச்சபைத் தந்தையர் இருக்கட்டும், தலைய ஆட்டாதீங்க, காது போயிடும்" என்றார். அட்டை ஒன்று.

அந்தத் தெம்பில்தான் உங்கள் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, சம்பந்தம் பேச வந்தவர்கள் நடுவே உட்கார்ந்தேன், மாப்பிள்ளையின் அப்பா என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன், அது தப்பா, பிறகு அந்தத் தந்தையர் கிரேக்கத்தில் எழுதியது, லத்தீனில் எழுதியது, இப்போதிருக்கும் போதகரை ஏன் அப்படிச் சொல்லக்கூடாது என்று முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது, நீங்கள் கண்ணைக் காட்டினீர்கள், உங்கள் தங்கை காலை மிதித்தாள், காபியெல்லாம் ஆறிப்போச்சு, அப்பத்தான் அந்த மனுஷன், "யோவ், திருச்சபைத் தந்தையரப் பத்திக் கேக்கவா வந்தோம்? பொண்ணக் கூப்பிடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அட்டையை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து" என்றேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு எழுந்து போய்விட்டார். போனது போனதுதான், என் பேனாவும் அவரோடு போய்விட்டது.

மருமகள் அழுதது இன்னும் என் காதில் நிற்கிறது. நாளைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சொல் போனால் போகட்டும், பெண்ணைவிடவா பெரிது? இனி நம் குடும்பத்தில் யாரும் அதை வாயில் எடுக்க வேண்டாம்.

அக்காவுக்கு வணக்கம். மருமகளுக்கு என் ஆசி, அவள் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மைத்துனன்

பி.கு.: என்னைத் திட்டிப் பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். "அந்த எழவெடுத்த சொல்" என்று சுருக்கிவிடாமல், இத்துடன் வைத்திருக்கும் அட்டையில் முழுசாக எழுதித் திட்டவும். கீழே கையெழுத்து அவசியம். வியாழக்கிழமைத் தபாலில் கிடைக்கும்படி அனுப்பவும்.