மூன்றாவது பாட்டைப் பற்றி நான் சொன்ன கருத்து

வெள்ளவத்தையில் நடக்கும் புத்தக வெளியீட்டு விழாக்களில் பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அட்டையைப் பார்த்திருந்தால் போதும். நூலாசிரியரின் தகப்பனாரைத் தெரிந்திருந்தால் இன்னும் விசேஷம். அப்படிப்பட்ட விழாக்களில் பல வருடங்களாகப் பின்வரிசையில் இருந்து (வடைக்காகவும்தான், மறைப்பானேன்) நான் கற்ற ஒரே பாடம் இது. அந்தப் பாடத்தை நம்பித்தான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மேடையில் ஏறினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. புத்தி வருவதற்குப் போதுமான வயது. வந்திருக்கவில்லை.

நான் ஓ.எல். பரீட்சை வரை, அதாவது பள்ளிப் படிப்பின் பதினோராம் வகுப்பு வரை, படித்தவன். காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் மாலை நேர வேலை. டொக்டர்மாரின் எழுத்தை வாசிக்கத் தெரியும்; ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து நாலு வசனம் கதைக்கத் தெரியாது. "காலையில ஒண்டு, இரவில ஒண்டு, சாப்பிட்ட பிறகு" என்பதுதான் என் வாழ்நாளின் மிக நீண்ட சொற்பொழிவு. இப்படி வாய் திறக்காமலே காலம் தள்ளியதில் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது: 'அவன் பொய் சொல்லான்.' (பொய் சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே!)

அந்த நல்ல பெயர்தான் என்னைக் கவிழ்த்தது.

என் அக்காவின் மகன் குகன் கிட்டார் வாசிக்கிறவன். நாலு பேர் சேர்ந்து 'ஏழரை' என்று ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாசிப்பது புரோகிரசிவ் மெட்டல். ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடும். தாளம் நடுவில் நாலைந்து தடவை மாறும். பாடுகிற பையன் கொஞ்ச நேரம் பாடுவான், கொஞ்ச நேரம் உறுமுவான். "ஏழரை எண்டு தாங்களே பேர் வைச்சிருக்கிறாங்கள். சனியனைக் கூப்பிட்டுக் கதிரை போட்டுக் குடுத்த மாதிரி" என்பார் அத்தான், அதாவது குகனின் அப்பா.

அத்தான் ஓர் இலக்கியச் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர். மகனுக்குக் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை பார்த்து வைத்திருந்தார். குகனோ குழுவின் இரண்டாவது ஆல்பத்தை அப்போதுதான் முடித்திருந்தான். இன்னும் ஒரு வருடம் தாருங்கள், அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் கட்டாருக்குப் போகிறேன் என்று கெஞ்சினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், எனக்கு முன்னாலேயே அத்தான் தீர்ப்புச் சொன்னார்.

"எனக்கு உன்ர சத்தம் விளங்காது. மாமா முழுக்கக் கேக்கட்டும். கேட்டிட்டு விழாவில கருத்துச் சொல்லட்டும். நல்லதெண்டால் ஒரு வருசம். இல்லையெண்டால் பெட்டியைக் கட்டு."

"மாமாவுக்கு மெட்டல் விளங்குமோ அப்பா?"

"விளங்காது. ஆனா பொய் சொல்லான்."

நான் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டு தலையாட்டினேன். மாட்டேன் என்று சொல்வதற்கும் கதைக்க வேண்டும்.

'விழா' என்றேனே, அதையும் சொல்லவேண்டும். ரசிகர்கள் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டு ஆல்பத்தைப் போட்டுக் கேட்பதுதான் குகனின் எண்ணம். சங்கத்தின் சின்ன மண்டபம் அத்தானின் கையில் இருந்தது. தருகிறேன், ஆனால் முறைப்படி நடக்கவேண்டும் என்றுவிட்டார். முறை என்றால் மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, தலைமையுரை, முதற்பிரதி வழங்கல், கருத்துரை, ஏற்புரை, நன்றியுரை. ஆல்பம் இணையத்தில் மட்டும் வந்ததால் முதற்பிரதி என்று கையில் கொடுக்க ஒன்றுமில்லை. அத்தான் விடவில்லை. ஒரு பென்டிரைவைப் பட்டுத்துணியில் சுற்றித் தாம்பாளத்தில் வைத்தார். அதை வாங்குவதற்கு ஒரு நகைக்கடை முதலாளியையும் பிடித்தார்.

என் கருத்துரைக்குப் பத்து நாள் இருந்தது. குகன் என் போனில் பாட்டுகளைப் போட்டுத் தந்தான்.

"மாமா, ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். நடுவில நிப்பாட்டாதேங்கோ."

"ஓம்" என்றேன்.

ஹெட்ஃபோன் போடவில்லை. காதுக்குள் ஒன்றையும் செருகாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே பயம். போனைப் பால்கனிச் சுவரில் வைத்து, பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு, தேத்தண்ணியோடு அமர்ந்தேன். முதலாவது பாட்டில் உறுமல் தொடங்கியதும் மனைவி பத்மா குசினியிலிருந்து ஓடிவந்தாள். "ஆருக்கு என்ன?" என்றாள். இரண்டாவது பாட்டில் கீழ்வீட்டுக்காரர் தன் கதவைச் சாத்தினார். மூன்றாவது பாட்டு மட்டும் அமைதியாக இருந்தது. ஒரு கிட்டார், ஒரு வயலின், அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்தது. ஆகவே வேறொன்றையும் கேட்காமல் அதையே நாலைந்து நாள் திருப்பித் திருப்பிக் கேட்டேன். (மீதி மூன்று பாட்டையும் கேட்கவே இல்லை. அட்டையைப் பார்த்தால் போதுமென்ற பாடம்!)

மீதிக்கு, ரசிகர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை வாசித்தேன். முதல் ஆல்பம் போல வராது என்றார் ஒருவர். முதல் ஆல்பத்தையே திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். உறுமல் குறைந்துவிட்டது, குழு விலைபோய்விட்டது என்று ஒருவர் துக்கம் கொண்டாடினார். நாற்பது தடவை கேட்டேன், இன்னும் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பிடிக்காததை ஏன் நாற்பது தடவை கேட்டார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எனக்கு எங்கள் கடை ஞாபகம் வந்தது. அதே மாத்திரையை வேறு நிறப் பெட்டியில் கொடுத்தால், "இது வேலை செய்யுதில்லை தம்பி" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களும் இதே இனம்தான்.

விழா நாள் வந்தது. முன்வரிசைகளில் அத்தானின் சங்கத்து ஆட்கள், வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக. பின்னால் கறுப்பு ரீஷேர்ட் போட்ட நாற்பது பிள்ளைகள். தமிழ்மொழி வாழ்த்துக்கு அந்தப் பிள்ளைகள் பயபக்தியோடு எழுந்து நின்றார்கள். புதுப் பாட்டாக்கும் என்று ஒருவன் போனில் பதிவும் செய்தான். நகைக்கடை முதலாளி பென்டிரைவை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். படத்தில் அவருடைய மோதிரம்தான் தெரிந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். முன்வரிசையில் அத்தான் கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். மேடை ஓரத்தில் குகன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஒரு வருடம் என் நாக்கில் இருந்தது.

"ஆல்பம் மிகவும் நன்று" என்று தொடங்கினேன். அதோடு இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. ஆனால் கைதட்டு விழுந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒரு கைதட்டு. மனிதன் அதில்தான் கெடுகிறான்.

"குறிப்பாக மூன்றாவது பாட்டு" என்றேன். "வயலின் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது தூரத்தில் 'டங்' என்று மேளத்தில் ஓர் அடி விழுகிறது. பிறகு ஒன்றுமில்லை. இனி வராது என்று நாங்கள் நினைக்கும் நேரத்தில் இன்னொரு 'டங்'. அது விழும்போது என் கோப்பையில் இருந்த தேத்தண்ணியே வட்டம் வட்டமாக அதிர்ந்தது. அந்த மேளக்காரர் வாழ்க!"

பின்னால் ஒரு தாடிக்காரத் தம்பி எழுந்தான்.

"அங்கிள், மூன்றாவது பாட்டில ட்ரம்ஸே இல்லையே."

அவனுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குழுவின் மேளக்காரனும் எழுந்தான். கொம்பனித்தெருப் பிள்ளை, ரிஸ்வான் என்று பெயர். "ஓம் அங்கிள், அதுக்கு நான் அடிக்கவே இல்ல. அந்தக் கிழமை டெங்கு வந்து களுபோவில ஆஸ்பத்திரில கிடந்த."

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் என்னைக் காப்பாற்றுவதற்கென்று கண்ணாடி போட்ட ஒரு பையன் துள்ளி எழுந்தான்.

"அங்கிள் சொல்றது சரி! நானும் கேட்டனான். இடது பக்கத்தில, நல்ல ஆழத்தில இருக்கு. எல்லாருக்கும் கேக்காது."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? நான் அந்தப் பாட்டை அறுபது தரம் கேட்டிருக்கிறன்" என்றான் தாடி.

"அறுபது தரம் கேட்டும் பிடிபடேல்லையே, அதுதான் உன்ர காதின்ர தரம்."

"மச்சான், அடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா?" என்றான் ரிஸ்வான் பரிதாபமாக.

"அடிச்சவனுக்கே தெரியாமல் வாறதுதான் உண்மையான இசை!"

அவ்வளவுதான். நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது செக்கன், முதல் ஆல்பத்தில் இப்படி ஒளித்து வைத்தார்களா, இது தாளமா அல்லது தாளத்தை மறுப்பதா என்று ஒரே அமளி. வேட்டிக்காரர்கள் ஏதோ அடிதடி வரப்போகிறது என்று கைத்தடிகளைத் தேடினார்கள். எனக்கோ ஆதரவாளர்கள் கிடைத்த உற்சாகம். ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணாடிப் பையனுக்குத் துணைபோனேன்.

"தம்பி சொல்வதுதான் சரி! கேட்கிற மனநிலையைப் பொறுத்தது. காலை பத்து மணிக்குக் கேட்டால் 'டங்' நிறைய வருகிறது. பன்னிரண்டரைக்குக் கேட்டால் ஒன்றுகூட இல்லை. இரண்டு மணிக்குத் திரும்பவும் வந்தது. போயா அன்று கேட்டேன், நாள் முழுக்க ஓர் அடியும் விழவில்லை!"

"ஆழமான கருத்து" என்றான் கண்ணாடி.

மண்டபத்தின் பின்னால், விருந்தினருக்குக் கொடுக்க ரோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்ற பத்மாவின் குரல் ஒலிவாங்கி இல்லாமலே எல்லாரையும் அடக்கியது.

"ஐயோ, இஞ்சருங்கோ! அது பக்கத்துக் காணியில பைலிங் அடிக்கிற மெசின்!"

அது உண்மை. எங்கள் ஒழுங்கையில் பதினான்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக அந்த இயந்திரம் நிலத்துக்குள் தூண் இறக்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள், பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு வேலை இல்லை. ஏழு மாதம் கேட்டால் காது அதைச் சத்தமென்று எடுப்பதில்லை. காகம் கத்துவது போல ஆகிவிடும். முதலிரண்டு பாட்டுக்குள் இடி விழுந்தாலும் கேட்டிராது. மூன்றாவது பாட்டின் அமைதியில்தான் அது எனக்கு இசையாகக் கேட்டுத் தொலைத்தது.

மண்டபம் சிரித்த சிரிப்பை நான் எழுதப்போவதில்லை. குகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் எழுந்துவந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியை எடுத்தார். அவனுடைய பெட்டியை நானே கட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"முப்பது வருசமா நான் வெளியீட்டு விழா நடத்துறன்" என்றார். "இத்தனாம் பக்கத்தில இப்பிடி எழுதியிருக்கே எண்டு சபையில ஒருத்தர் எழும்பி நான் ஒரு நாளும் காணேல்ல. இந்தப் பிள்ளையள் ஒரு டங்குக்காகக் கால் மணித்தியாலம் சண்டை பிடிக்குதுகள். வந்த எல்லாரும் கேட்டிட்டு வந்திருக்கினம்." என் பக்கம் திரும்பினார். "கருத்துரை சொன்னவரைத் தவிர."

பிறகு மகனைப் பார்த்து, "ஒரு வருசம்" என்றார். குகன் மேடை என்றும் பாராமல் அவரைக் கட்டிப்பிடித்தான். கறுப்பு ரீஷேர்ட்டுகள் உறுமின.

வீட்டுக்குத் திரும்பும்போது முச்சக்கரவண்டியில் குகன் என் பக்கத்தில் இருந்தான். "மாமா, அந்தப் பாட்டில ஒரு சின்னச் சத்தமும் கேக்கக்கூடாதெண்டு எட்டு மாதம் மினக்கெட்டனான்" என்றான். கோபமில்லை, களைப்புத்தான். மீதிப் பாட்டுகளை நான் கேட்கவே இல்லை என்பதை அப்போதுதான் அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

ஒரு வருடம் இப்போது இரண்டாகிவிட்டது. கட்டார் வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். குழு கண்டியிலும் காலியிலும் மேடையேறுகிறது. கண்ணாடிப் பையன் மட்டும் இன்றைக்கும் அந்த ஆல்பத்தின் கீழே எழுதிக்கொண்டிருக்கிறான்: கேட்கத் தெரிந்தவனுக்கு அந்த அடி கேட்கும். அவனை ஆதரித்துச் சிலர் எழுதியும் இருக்கிறார்கள்.

போன மாதம் குகன் புதுப் பாட்டொன்றைக் கொண்டுவந்தான். தன் ஹெட்ஃபோனை எடுத்துத் தானே என் காதில் மாட்டிவிட்டு, முன்னால் கதிரை போட்டுக்கொண்டு காவல் இருந்தான். பதின்மூன்று நிமிடமும் அசையாமல் கேட்டேன். உறுமலையும் கேட்டேன். முடிந்ததும், வாழ்க்கையில் முதல் முறையாக, படித்துவிட்டுப் பேசுகிறவனாக வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்கு தம்பி. நடுவில கொஞ்சம் நீளம்."

குகன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு, நான் கறியில் உப்புக் கூட என்றாலும் மாப்பிள்ளை நல்ல பிள்ளை என்றாலும், என் கருத்தை நம்பலாமா என்று பார்க்க எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியை, குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டான்.

"மாமி, இண்டைக்குப் போயாவோ?"