மில்லுத் தொப்பி

2022 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீர். வேத வாசிப்பு. செடிகளுக்குத் தண்ணீர். தலைக்குச் சாயம், பாதி.

அன்றைய காலையைப் பற்றி என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அந்தப் ‘பாதி’யை இன்று வாசித்தாலும் காது சூடாகிறது.

எனக்குத் தொப்பி என்றால் உயிர். பள்ளியில் சாரணர் படையில் சேர்ந்ததே தொப்பி கொடுப்பார்கள் என்பதற்காகத்தான். (சேவை மனப்பான்மை என்று வீட்டில் பெருமைப்பட்டார்கள்.) துணி, ஓலை, கம்பளி என்று எல்லா வகையும் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் தனி ஆணி. இராஜபாளையத்தில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘தொப்பி சார் வீடு’ என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். வேலை பேண்டேஜ் துணி மில்லில், தரப் பரிசோதனை. துணியில் முடி விழக்கூடாது என்று அங்கே எல்லோரும் வெள்ளைத் தொப்பி மாட்ட வேண்டும். ஆக, மில்லில் ஒரு தொப்பி, வெளியே ஒரு தொப்பி. ஆலய ஆராதனை நேரம் தவிர என் உச்சந்தலையைப் பார்க்கும் பாக்கியம் மனைவி எஸ்தருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டியிருந்தது. மகள் பெனிட்டாவுக்கு என் நண்பர் தேவசகாயம் கொண்டுவந்த வரன். பையனும் அவளும் போனில் பேசியிருந்தார்கள். “பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டதற்கு “ம்” என்றாள். பிறகு, மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். என் மகளைப் பொறுத்தவரை அது நீண்ட சொற்பொழிவு.

பெண் வீட்டார் எதையும் மறைக்கக்கூடாது என்பது என் கொள்கை. அவளுடைய கண்ணாடியின் பவரை இடது கண், வலது கண் என்று தனித்தனியாகச் சொல்லியிருந்தேன். கல்லூரியில் ஒரு தாளில் தவறி மறுபடி எழுதியதைச் சொன்னேன். சளி பிடித்தால் லேசாகக் குறட்டை விடுவாள் என்பதையும் சொன்னேன். (இதை யாரும் கேட்கவில்லை.)

இரண்டு நாள் முன்பு பெனிட்டா தயங்கித் தயங்கி வந்தாள்.

“அப்பா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் தொப்பி இல்லாமப் போங்களேன்.”

“வெயிலும்மா.”

“வெயிலு தெருவுலதானப்பா அடிக்கி. அவிய வீட்டுக்குள்ளயுமா அடிக்கி?”

நான் பதில் சொல்வதற்குள் எஸ்தர் புகுந்தாள். “இந்த நரைச்ச தலையோட போயி நின்னா, பொண்ணுக்குத் தாத்தாவான்னு கேப்பாவ. மொதல்ல சாயம் அடிங்க.”

வெள்ளிக்கிழமை இரவுதான் சாயப்பொடி வாங்கினேன். முதலில் சிறிதளவு பூசி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பு இல்லையென்றால் முழுவதும் பூசவும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. இதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்? நான் வாசிப்பேன். சாம்பிள் பார்க்காமல் ஒரு முழம் துணியை வெளியே விட்டதில்லை. ஆகவே தொப்பியை மாட்டிக் கண்ணாடியில் எல்லை பார்த்து, வெளியே தெரிகிற கிருதாவுக்கும் பிடரிக்கும் மட்டும் சனிக்கிழமை காலையில் பூசினேன். உச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு. குளித்துத் தொப்பியோடு வெளியே வந்தபோது எஸ்தர், “பரவாயில்லையே, பத்து வயசு கொறஞ்சிட்டு” என்றாள். ஓரத்தில் குறைந்தது அவளுக்குத் தெரிந்தது. நடுவில் குறையாததை நான் சொல்லவில்லை.

நானும் எஸ்தரும் தேவசகாயமும் போனோம். நல்ல மனிதர்கள். தட்டில் பால்கோவா வந்தது. மாப்பிள்ளை வந்து, “பெனிட்டா நல்லா இருக்காங்களா அங்கிள்?” என்று கேட்டுவிட்டுச் சிவந்துபோனார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

“தொப்பிய இப்பிடிக் குடுங்க சார், காத்தாட உக்காருங்க” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“இருக்கட்டும்மா, பழக்கம்.”

அப்போது தேவசகாயம் எழுந்தார். “ஒரு ஜெபம் பண்ணிட்டு மேக்கொண்டு பேசுவமா?”

எல்லாவற்றையும் திட்டமிட்ட நான் ஜெபத்தை மறந்திருந்தேன். கிறிஸ்தவ வீட்டில் ஜெபம் இருக்கும் என்பதை மறப்பது, கல்யாண வீட்டில் சோறு இருக்கும் என்பதை மறப்பதற்குச் சமம். ஜெபத்தில் ஆண்கள் தலையை மூடக்கூடாது. எல்லோரும் கண்ணை மூடும் வரை காத்திருந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டேன்.

ஒருவர் மட்டும் கண்ணை மூடவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கத்தில் நின்றிருந்தார், உள்ளே கண் திறந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. நான் பேண்டேஜ் மில் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

“சார்,” என்றார், கிசுகிசுப்பதாக நினைத்து, தெருவுக்கே கேட்கும்படி. “டூட்டியில இருந்து நேரா வந்துட்டீயளோ? உள்ள மில்லுத் தொப்பி இருக்கு. அதையும் கழட்டிருங்க.”

தேவசகாயம் “பரலோகப் பிதாவே” என்ற இடத்தில் நின்றுவிட்டார். எல்லாக் கண்களும் திறந்தன. நான் அசையாததால், உதவி செய்யும் நல்லெண்ணத்தில் மாமாவே கை நீட்டி என் உச்சியைப் பிடித்து இழுத்தார்.

“ஏலே! இது முடிதானா!”

கறுத்த விளிம்புக்கு நடுவே வெள்ளை வட்டம். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் விளக்கத் தொடங்கினேன். “இது சாம்பிள்தாங்க. மிச்சம் நாளைக்கு.” எஸ்தர் என் இடுப்பில் கிள்ளியதில் ‘நாளைக்கு’ கொஞ்சம் உயர்ந்த சுருதியில் வந்தது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். தன் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை.

மாலையில் தேவசகாயம் போன் செய்தார்.

“அவிய வேற இடம் பாக்காவளாம்.”

“ஏன்?”

“கோவிச்சுக்காதீய. உச்சந்தலையையே மறைக்கவரு பொண்ணப் பத்தி என்னத்தையெல்லாம் மறைச்சிருக்காரோன்னு மாப்ளையோட அப்பா கேக்காரு.”

“கண்ணாடி பவர் வரைக்கும் சொன்னேனே!”

“சொன்னீய. தலையச் சொல்லலையே.”

பெனிட்டா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “சரிப்பா” என்றாள். உள்ளே போய்ப் போர்வையை மடித்தாள். ஒரே ஒரு முறை.

இப்போது அவள் தளவாய்புரத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அரைகுறையாக நிற்கும் எந்த வேலைக்கும் பெயர் ‘சாம்பிள்’. வீட்டின் முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தபோது, “ஒங்க அப்பா தலை மாதிரி இருக்கு” என்று மகளிடம் சொன்னாள் எஸ்தர். சாப்பாட்டு ஜெபத்துக்கு முன் மருமகன் தவறாமல் கேட்பார்: “மாமா, ரெண்டையும் கழட்டிட்டீயளா?” எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். ஆனால் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது என் கை தானாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறது. பெனிட்டா என்னிடம் கேட்டது ஒரே ஒரு நாள்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீர் வைக்கப் போனால், மீதிச் சாயப்பொடியைக் கிண்ணத்தில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷோடு பெனிட்டா நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அரிக்காப்பா?”

“இல்லம்மா.”

“அப்ப சாம்பிள் பாஸ். குனிங்க, கோயிலுக்குப் போறதுக்குள்ள அந்த மில்லுத் தொப்பியக் கழட்டிருவோம்.”

குனிந்தேன்.