பூட்ஸைக் கழற்றாத இன்ஸ்பெக்டர்

காக்கி உடுப்பு போட்ட முதல் வாரத்தில் எந்த மனிதனுக்கும் மூளை வேலை செய்யாது. எனக்குச் செய்யவில்லை என்பதற்கு எழுத்து மூலமாகவே சாட்சி இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி. உப்பிலியபுரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த புதிது. முதல் சோதனைக்குப் போனது ரங்கசாமி என்பவரின் சின்ன டிபன் ஹோட்டலுக்கு. சமையற்கட்டு வாசலில் அவர் கைகூப்பி மறித்தார்.

"தளிகை பண்ற இடம் ஸார். பூட்ஸை மட்டும் கழட்டிட்டு வாங்கோ."

கழற்றியிருக்கலாம். ஆனால் என் வலது சாக்ஸில் ஒரு பெரிய ஓட்டை; கட்டைவிரல் முழுசாக வெளியே நிற்கும். (அதிகாரியின் கட்டைவிரலை ஊர் பார்க்கலாமா?) அதனால் கோபம் வந்ததுபோல் கத்தினேன். "கவர்மெண்ட் ஆளையே தடுக்கிறீங்களா? புத்தகத்தை எடுங்க!"

உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், கடையின் விசிட் புத்தகத்தில் எழுதினேன்: 'சமையற்கட்டு அசுத்தம். பண்டங்கள் உண்ணத் தகுதியற்றவை. நாளை முதல் கடையை மூட வேண்டும்.' ரங்கசாமியின் முகம் சுண்டிப்போயிற்று.

அன்று சாயங்காலமே, அதே ஊரில், எனக்குப் பெண் பார்க்கும் படலம். வேட்டி கட்டி, செருப்பு மாட்டிக்கொண்டு போனேன். சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது. இரண்டாவது தட்டையும் காலி செய்துவிட்டு, "பொண்ணு கைமணம் பிரமாதம். இந்தச் சுத்தம் ஹோட்டல்ல வருமா?" என்றேன், இன்ஸ்பெக்டர் தோரணையில்.

பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். கதவோரம் நின்ற வசந்தா (அவள்தான் பெண், டீச்சர்) பட்டென்று சொல்லிவிட்டாள்.

"நான் செய்யலீங்க. ஸ்கூல்லேருந்து வர லேட்டாயிடுச்சு. ரங்கசாமி மாமா ஹோட்டல்ல வாங்கினது."

அந்த நேரம் பார்த்து, காலிப் பாத்திரம் வாங்க ரங்கசாமியே வந்து நின்றார். என்னைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார். போச்சு, பெண்ணும் போச்சு, மானமும் போச்சு!

"மாப்பிள்ளைய உங்களுக்குத் தெரியுமா?" என்றார் பெண்ணின் அப்பா.

"கார்த்தாலதான் நம்ம கடைக்கு வந்தார். உள்ள வரத்தான் முடியலை," என்றார் ரங்கசாமி. கடையை மூடப்போவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்தில் எழுதியதையும், சாக்ஸ் ஓட்டையையும், கட்டைவிரலையும் எல்லோர் முன்னாலும் கொட்டிவிட்டேன். பிறகு வசந்தா சிரித்தாள் பாருங்கள், அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் விடிந்ததும் பூட்ஸைக் கழற்றி, கால் கழுவி, சமையற்கட்டுக்குள் போனேன். பித்தளை அண்டாவில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது, பார்க்கத்தான் பிடிக்கவில்லை. புத்தகத்தில் முந்தின நாள் எழுதியதை அடித்துவிட்டு, 'பார்க்காமல் எழுதியது என் தவறு. கடை சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

நான் ரிட்டயராகி வருஷம் பல ஆயிற்று. இன்றைக்கும் சாம்பாரில் உப்பு குறைவு என்று வாயெடுத்தால் போதும், வசந்தா முதல் பேரன் பேத்தி வரை அத்தனை பேரும் குனிந்து என் காலைப் பார்க்கிறார்கள்.